மடி மெஷின்

"...நாளைக்கு எடுத்துடணும்னு எழுதியிருக்கு சார். எந்த நாளைக்குன்னு எழுதலை."

அந்த அம்மா இதைச் சொன்னபோது என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் முதலாளி. மூன்று பேர் கண்ணும் ஒரே திரையில், ஒரே வரியில் இருந்தது. அந்த வரியை எழுதினவன் நான்.

இந்தச் சம்பவத்தை நான் பல வருஷம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். "ஒரு பழைய ஃபைல் கலந்துடுச்சுப்பா, அதுல கொஞ்ச நாள் வீணாப் போச்சு" என்று. கலந்துவிட்டதாம்! மழைத் தண்ணீரா, தானாக வந்து கலக்க? இப்போது கொஞ்சம் நேராகச் சொல்லிப் பார்க்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் கம்பெனி. கீழே பேக்கரி. பதினொரு மணிக்கு ரஸ்க் வாசனை மாடி ஏறி வரும். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் வரைக்கும் யாருக்கும் புத்தி வேலையில் நிற்காது. நாங்கள் செய்தது பால் சொசைட்டிகளுக்கான ஒரு பெட்டி. கிராமத்தில் பால் கேனைத் தராசில் வைத்தால், பெட்டி எடையைப் படித்து ரசீது அடித்துக் கொடுக்கும். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டர், அதற்குள் ஒரு குட்டி லினக்ஸ்.

அந்தப் பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜ். ரசீது அடிக்க ஒன்று, மணி பார்க்க ஒன்று, போன் லைன் வழியாகக் கணக்கு அனுப்ப ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சமையல் குறிப்பு மாதிரி ஒரு சின்ன ஃபைல் உண்டு. மூலம் எங்கே கிடைக்கும், உரிமை யாருடையது, இதற்கு முன்னால் எது எது தயாராக இருக்க வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் ஒரு மெஷின் அத்தனை குறிப்பையும் வரிசையாகப் படித்து, கம்பைலர் என்கிற மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றையும் கட்டி, பெட்டியில் ஏற்றத் தயாராக ஒற்றை ஃபைலாகக் கொடுத்துவிடும். அதற்குப் பேர் பில்டு. அந்தக் குறிப்புகளுக்கும் அந்த மெஷினுக்கும் நான் காவல். புதுசாக யார் எந்தப் பேக்கேஜ் கொண்டு வந்தாலும் என் ரிவ்யூ தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

என் அப்பா ஒரு மில்லில் கேட் காவலர். "முதலாளி கார் வந்தாலும் நான் தொறந்தாத்தான்டா உள்ள" என்பார் வீட்டில், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே. அதில் அவருக்கு இருந்த ருசி எனக்கும் வந்திருந்தது.

நான் டிகிரி படிக்கவில்லை. மர்பி டவுனில் பிறந்து, ஆஸ்டின் டவுனில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சாலிடரிங் கற்று, பிறகு பாகம் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கிற வேலைக்குப் போய், பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸ் படித்தவன். அகராதி ஒரு பக்கம், திரை ஒரு பக்கம். முதலாளி என்னை எடுத்துக்கொண்டபோது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டிகிரி இருக்கவனுக்கு இன்னொரு கம்பெனி இருக்கும். உனக்கு ஏனு, என்ன இருக்கு மாராயா? நீ ஓட மாட்டே." திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று பஸ்ஸில் போகும்போது யோசித்துப் பார்த்தேன். இரண்டும்தான்.

அவர் கன்னடக்காரர். ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே அளவு தவறிய உதிரிப் பாகத்துக்கு ஒரு சிவப்பு அட்டை கட்டுவார்களாம். பேர், தேதி, காரணம், இன்ஸ்பெக்டர் கையெழுத்து. சரியானதுக்குப் பச்சை. அதை அப்படியே எங்கள் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். மென்பொருளுக்கு எங்கே அட்டை கட்டுவது? எழுதினவர் மானிட்டரில் கட்டினோம். ரிவ்யூவில் விழுந்தால் நான் காரணம் எழுதி, சணல் நூலால் அந்த ஆளின் மானிட்டரில் தொங்கவிடுவேன். தேறுகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. அடுத்த தடவையும் விழுந்தால் இன்னொன்று சேரும். நான் போடுகிற முடிச்சு கையால் அவிழாது, வெட்டத்தான் வேண்டும். டிவி கடையில் பார்சல் கட்டிக் கற்றது.

அந்த பில்டு மெஷினுக்கு மடி மெஷின் என்று பேர் வைத்ததும் முதலாளிதான். குளித்து ஈரத்துணி கட்டிக்கொண்டு யாரும் தொடாமல் இருப்பார்களே, அந்த மடி. மற்றவர்கள் மெஷினில் பாட்டு இருக்கும், விளையாட்டு இருக்கும், எங்கிருந்தோ இறக்கின நூறு சாமான் இருக்கும். ஒரு பேக்கேஜ் அங்கே கட்டி வந்தால் அது எதைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று யாருக்கும் தெரியாது. மடி மெஷினில் எதுவும் கிடையாது. அங்கே தேறினால்தான் தேறினது. யார் கிட்டே வந்தாலும் நான், "தொடாதீங்க" என்பேன். பிளாப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும். மர்பி டவுன் சேரி வீட்டில் பிறந்தவன், மடி பார்க்கிற மல்லேஸ்வரத்து ஆட்களைப் பார்த்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "தொடாதீங்க" என்று சொல்கிற வேலை. இதை விட வேறென்ன வேண்டும்?

அங்கேதான் அந்த அம்மா வந்து சேர்ந்தார்.

நாற்பதை நெருங்குகிற வயது. தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம், வீடு மல்லேஸ்வரம். இஞ்சினியரிங் படித்து, வேலை பார்த்து, குழந்தைக்காக ஒன்பது வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வந்திருந்தார். பல கம்பெனிகள் ஒன்பது வருஷம் என்றதும் கதவைச் சாத்தியிருந்தன. எங்கள் முதலாளி ஆறு மாதப் பரீட்சையில் எடுத்தார். பால் கேன் தராசில் ஏறும்போது ஆடும், எண் குதிக்கும். ஆட்டம் நின்ற பிறகு சரியான எடையைப் படிக்கிற பேக்கேஜ் அவருடைய வேலை. "ஸ்டோர்ஸ்ல ஏறாத பார்ட்டு பார்ட்டே அல்ல. ஆறு மாசத்துக்குள்ள பச்சை டேக் வந்தா கன்ஃபர்மேஷன் லெட்டர். இல்லாட்டி நமஸ்காரா" என்று முதலாளி என் முன்னாலேயே சொன்னார். ஆக, அந்த அம்மாவின் வேலை நிலைப்பது என் கையில் இருந்த அட்டைக் கட்டில் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் தடவை பிளாப்பி கொண்டுவந்தபோது நான் கையை நீட்டினேன். அவர் அதை மேசைமேல் வைத்தார். நீட்டின கை நீட்டினபடி இருந்தது.

இது ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். கை நீட்டி, அந்தக் கையைச் சும்மா திரும்ப எடுத்துக்கொண்டவர்கள் கேட்க மாட்டார்கள். மறுநாள் கவனித்தேன். முதலாளியிடம் ஒரு ஃபைலை நேராகக் கையில் கொடுத்தார். எனக்கு அது போதும். அன்றைக்கே மனதுக்குள் ஒரு சிவப்பு அட்டை கட்டிவிட்டேன்.

முதல் அட்டை நியாயமானது. குறிப்பு ஃபைலில் டேப் கீ தட்ட வேண்டிய இடத்தில் எட்டு ஸ்பேஸ் வைத்திருந்தார்; பில்டே ஆகவில்லை. இரண்டாவது, பேக்கேஜ் பட்டியலில் அகர வரிசைப்படி வைக்காமல் கடைசியில் சேர்த்திருந்தார். அதை நானே ஒரு நிமிஷத்தில் மேலே ஏற்றியிருக்கலாம். வேறு யாராவது என்றால் ஏற்றியிருப்பேன். "வரிசை தவறு" என்று எழுதிக் கட்டினேன். மூன்றாவது, உரிமைப் பத்திரம் இணைக்கவில்லை. நான்காவது, விளக்கம் ஒரே வரி.

"எத்தனை வரி வேணும் சார்?"

"படிக்கிறவனுக்குப் புரியற அளவு மேடம்."

"படிக்கப்போறது நீங்க ஒருத்தர்தானே?"

"அதான் சொல்றேன். எனக்குப் புரியலை."

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ஒரு தடவைக்கு எல்லாத் தப்பையும் சொல்லிவிட வேண்டும் என்பது ரிவ்யூவில் ஒரு மரியாதை. நான் ஒன்று ஒன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு மூன்று நாள் வைத்துக்கொண்டேன். நாள் ஓடியது.

மூன்றாவது அட்டையின் நூல் நீளமாகி அவருடைய திரையை மறைத்துக்கொண்டு தொங்கியது. நூலைக் குறைக்கக் கத்தரிக்கோல் கேட்டு வந்தார். ஆபீஸில் இருந்த ஒரே கத்தரிக்கோல் என்னுடையது, பிரிண்டர் தாள் வெட்ட வைத்திருப்பது. எடுத்து நீட்டினேன்.

"மேசை மேல வைங்க சார். கத்தரிக்கோலைக் கையில கொடுத்தா சண்டை வரும்பாங்க."

"இனிமேத்தான் வரணுமா மேடம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் மேசையில் போட்டேன். எடுத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டிலும் அம்மா அதையேதான் சொல்வார்; கத்தரிக்கோல், அரிவாள்மணை எதையும் கைக்குக் கை கொடுக்க மாட்டார். ஆனாலும் அன்றைக்கு அதை நான் பிளாப்பிக் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாவது தடவை எழுத்து, வரிசை, பத்திரம், விளக்கம் எல்லாம் சரி. வேறு வழியில்லாமல் மடி மெஷினில் கட்டி, பெட்டியில் ஏற்றி, தராசில் ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்தேன். பெட்டி காட்டியது: முப்பத்து நாலு கிலோ எண்ணூற்று முப்பத்தைந்து கிராம்.

"உங்க பசு ரொம்பத் தாராளம் மேடம்" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவர் காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டார். நிமிர்ந்தார். "கம்ப்யூட்டர் கணக்குல எண் ரெண்டு துண்டா வருது சார். முன்னாடி வரவேண்டியது பின்னாடி, பின்னாடி வரவேண்டியது முன்னாடி. ரெண்டும் இடம் மாறியிருக்கு. ஐயாயிரம் கிராம் அப்படி மாறினா இதே எண்தான் வரும். என் புரோகிராம்ல மாத்தவே இல்லை. என் மெஷின்ல கட்டினா ஐந்து கிலோ சரியாக் காட்டறது."

"உங்க மெஷின்ல என்னென்ன இருக்கோ யாரு கண்டா? இது மடி மெஷின். இது பொய் சொல்லாது."

"மெஷின் சொல்லாது. உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாக்கலாமா?" என்று கையை கீபோர்டுப் பக்கம் கொண்டுவந்தார்.

"தொடாதீங்க" என்றேன்.

வழக்கமாகச் சொல்வதை விடக் கொஞ்சம் சத்தமாக. அவர் கை அங்கேயே நின்றது. பிறகு திரும்பிப் போனது. நீட்டின கை திரும்பிப் போவதைப் பார்க்க எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் நல்லவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நன்றாக இருந்தது.

ஆறாவது தடவையும் அதே எண். அப்போதுதான் எனக்கு ஒன்று உறுத்தியது. முப்பத்து நாலு, எட்டு மூணு அஞ்சு. இந்த எண்ணை நான் இதற்கு முன்னால் எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கே என்று அரை நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும். ரஸ்க் வாசனை வந்தது. எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். ஞாபகம் வந்துவிடக் கூடாது என்று எழுந்து போகிறவனும் உண்டு. வந்து, "எடை தவறு" என்று எழுதிக் கட்டினேன். ஏழாவது தடவைக்கும் அதையே.

ஏழு அட்டை. மானிட்டரைச் சுற்றிச் சிவப்பாகத் தொங்கியது. ஒரு நாள் அவர் போனில் யாரிடமோ பேசுவது காதில் விழுந்தது. "இல்லை, இன்னும் ஆகலை... சனிக்கிழமையோட ஆறு மாசம்... அவர்கிட்ட என்னத்தைச் சொல்றது, அவருக்கு என்னைக் கண்டாலே ஆகலை..." நான் தாளைச் சத்தமாகக் கிழித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டாவது தடவையாக பிளாப்பி வந்தது. மேசையில்தான். தாளில் அடித்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். எல்லாம் பழையபடிதான், ஒரே ஒரு வரி புதுசு. வட்டம் போட்டேன்.

"இது எதுக்கு?"

"கட்டும்போது கம்பைலர் எந்தெந்த ஃபைலைத் தொறந்து படிக்கறதோ, அதோட விலாசத்தை எல்லாம் லாக் பதிவுல அடிக்கச் சொல்லியிருக்கேன்."

"தேவையில்லாதது."

அந்த நேரம் பார்த்து முதலாளி அந்தப் பக்கம் வந்தார். அந்த அம்மா குரலைச் சற்று உயர்த்தினார். "தேவையில்லைதான் சார். ஆனா அதனால கெடுதலும் இல்லை. மடி மெஷின்தானே, என்ன தொறந்தாலும் சுத்தமாத்தான் இருக்கும். பயப்பட என்ன இருக்கு?"

முதலாளி என்னைப் பார்த்தார். "இரலி பிடு மாராயா. அடி."

இருக்கட்டும், விடு என்கிறார். நான் என்ன செய்ய? கட்டளையைத் தட்டினேன். பிரிண்டர் கிர்ர் கிர்ரென்று தாளைத் தள்ள ஆரம்பித்தது. அந்த அம்மா பிரிண்டர் முன்னால் நின்று, வெளியே வரவர, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. இரண்டு வரி மேலே போனது. மறுபடி கீழே வந்தது.

"சார், தராசு எண்ணை எப்படிப் படிக்கணும்னு சொல்ற ஹெடர் ஃபைல் என் பேக்கேஜ்லயே இருக்கு. ஆனா கம்பைலர் அதைத் தொறக்கலை. அதே பேர்ல இன்னொண்ணு, கம்பைலரோட சொந்த ஃபோல்டர்ல இருக்கு. அதைத்தான் தொறந்திருக்கு. நீங்க எங்களுக்கெல்லாம் சிடில போட்டுக் கொடுத்தீங்களே, அந்தக் கம்பைலர்ல இந்த ஃபைல் இல்லை. நான் பாத்தேன். இந்த மெஷின்ல மட்டும்தான் இருக்கு. கொஞ்சம் தொறந்து காட்டுங்க."

அப்போது வந்தது ஞாபகம். முழுசாக வந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்களிடம் வேறு மாடல் தராசு இருந்தது. அது எண்ணை முன்பின்னாக அனுப்பும். அவசரமாக ஒரு பில்டு கொடுக்க வேண்டியிருந்த ஒரு நாள், முறையாகக் குறிப்பு எழுதி ஏற்றப் பொறுமையில்லாமல், அந்தத் தராசுக்காக எண்ணை இடம் மாற்றிப் படிக்கச் சொல்கிற ஹெடர் ஃபைலைக் கையாலேயே கம்பைலர் ஃபோல்டரில் போட்டேன். கம்பைலர் எதைத் தேடினாலும் முதலில் தன் சட்டைப் பையில்தான் கையை விடும். அங்கே போட்டால் உடனே வேலை செய்யும். அதைப் போடுவதற்கு முந்தின பில்டில் வந்த எண்தான் முப்பத்து நாலு, எட்டு மூணு அஞ்சு. பில்டு போனது. அந்தத் தராசும் பிறகு போனது. ஃபைல் போகவில்லை. அதற்குப் பிறகு தராசைத் தொடுகிற பேக்கேஜ் எதுவும் வரவில்லை, இந்த அம்மாவுடையது வரும்வரை. ஒருத்தரையும் தொடவிடாமல் காத்த மெஷினில், தொட்டது நான் ஒருத்தன்தான்.

முதலாளி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஃபைலைத் திறந்தேன்.

இன்னொரு பழக்கம் எனக்கு. குறிப்புரை எழுதினால் இங்கிலீஷில் எழுத மாட்டேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதுவேன். ஆபீஸில் அப்படி எழுதுகிறவன் நான் ஒருத்தன்தான். திரையின் உச்சியில், முதல் வரியில், அது இருந்தது. கையெழுத்தே வேண்டாம். அந்த அம்மா குனிந்து, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார்.

"தற்காலிகம். நாளைக்கு எடுத்துடணும்." நிமிர்ந்தார். "நாளைக்கு எடுத்துடணும்னு எழுதியிருக்கு சார். எந்த நாளைக்குன்னு எழுதலை."

பிரிண்டர் இன்னும் தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஃபைலை அழித்துவிடலாம் என்று என் கை கீபோர்டுக்குப் போனது.

"தொடாதீங்க."

என் வார்த்தைதான். என் தொனிகூட இருந்தது அதில்.

"எழுந்திருங்கோ சார். நான் எடுக்கறேன். ஏழு தடவை கட்டினேள், ஒரு தடவையாவது தொறந்து பாத்தேளா?" கோபத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது அவருக்கு.

முதலாளியைப் பார்த்தேன். அவர் கண்ணால் நாற்காலியைக் காட்டினார். எழுந்தேன். அந்த நாற்காலியில் என்னைத் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த அம்மா உட்கார்ந்தார், ஃபைலை எடுத்தார், கட்டளை தட்டினார். முக்கால் மணி நேரம் ஓடும் அந்த பில்டு. முக்கால் மணி நேரமும் நான் நின்றுகொண்டிருந்தேன். ரஸ்க் வாசனை வந்தது. யாரும் டீக்குப் போகவில்லை.

பெட்டியில் ஏற்றியதும் அவரே எடைக்கல்லைத் தூக்கித் தராசில் வைத்தார். எண் கொஞ்சம் குதித்தது, ஆடி அடங்கியது, நின்றது. ஐந்து கிலோ, சைபர் சைபர் சைபர்.

"ஆயித்து" என்றார் முதலாளி. "அம்மா, லெட்டர் மத்தியானம் கையெழுத்துப் போடறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பச்சை எழுது. அப்புறம் ஒரு சிவப்பு எழுதி உன் மெஷின்ல கட்டு. காரணம் நீயே போடு."

பச்சையை எழுதினேன். சிவப்பை எடுத்து, காரணம் என்ற இடத்தில், "பழைய ஃபைல் இருந்தது" என்று எழுதினேன்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இருந்ததா?"

அதைக் கோடு போட்டு அடித்தேன். "நான் வைத்தது. எடுக்கவில்லை" என்று எழுதினேன். அதே சணல் நூல், அதே முடிச்சு. மடி மெஷினில் கட்டினேன்.

"போம்மா, உன் டேக் எல்லாம் வெட்டிப் போடு" என்றார் முதலாளி.

அந்த அம்மா என் மேசைப் பக்கம் பார்த்து, "கத்தரிக்கோல்" என்றார். 'சார்' இல்லை, 'கொஞ்சம்' இல்லை. நான் எடுத்து, மூன்றாவது அட்டை சமயத்தில் அவர் சொன்னது ஞாபகம் வந்து, மேசைமேலேயே வைத்தேன். எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். ஒன்று ஒன்றாக வெட்டினார். அவசரமே இல்லை. ஒவ்வொன்றிலும் நான் எழுதியிருந்த காரணத்தைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். ஏழும் முடிந்ததும் அடுக்கி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். என் எழுத்து மேலே தெரிகிற மாதிரி, அகர வரிசையில் அடுக்குவது போல அத்தனை ஒழுங்காக வரிசையாக வைத்தார்.

கத்தரிக்கோல் இன்னும் அவர் கையில் இருந்தது. மேசையில் இடமும் இருந்தது. அவர் அங்கே வைக்கவில்லை. "இந்தாங்க" என்று நீட்டினார். நான் கையை நீட்டுகிற வரைக்கும் அப்படியே நின்று, நேராக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.